"சிவில் கேஸ்தானே?" – ஐக்கிய நாடுகள் சபையின் உறுப்பு நாடுகளுக்கு ஒரு திறந்த மடல்

ஐக்கிய நாடுகள் பொதுச்சபையில் அமர்ந்திருக்கும் உறுப்பு நாடுகளின் பிரதிநிதிகளுக்கும், அந்தந்த நாட்டுச் சட்ட அமைச்சர்களுக்கும்,

2012 டிசம்பரில் உங்கள் சபை ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. 67/187 என்பது அதன் எண். கைதானவருக்கும் குற்ற விசாரணையில் இருப்பவருக்கும் அரசு எப்படிச் சட்ட உதவி தரவேண்டும் என்று 14 கோட்பாடுகளையும் 18 வழிகாட்டு நெறிகளையும் அதில் வகுத்துக் கொடுத்தீர்கள். சட்ட உதவிக்கென்றே உலக அளவில் வந்த முதல் ஆவணம் அது. நல்ல காரியம். ஆனால் 'குற்றவியல் நீதி அமைப்புகளில்' என்று தலைப்பிலேயே வேலி போட்டுவிட்டீர்கள். குடியிருக்கும் வீட்டிலிருந்து வெளியேற்றப்படுபவர், பிள்ளைக்கு ஜீவனாம்சம் கேட்டு அலைபவர், உழைத்த கூலிக்காக வழக்குப் போடுபவர், கடன் வழக்கில் பிரதிவாதியாக நிற்பவர் ஆகியோருக்கு அப்படி ஓர் ஆவணம் உங்களிடமிருந்து இன்றுவரை வரவில்லை. பத்தாண்டுக்கு மேல் பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

நான் வக்கீல் இல்லை. சட்ட உதவி மையம் ஒன்றின் முன்மேசையில் உட்கார்ந்து மனு எழுதிக்கொடுக்கும் ஊழியர். 16 ஆண்டுகளாக இதே வேலை. வருகிறவர்கள் தங்கள் கதையை முதலில் சொல்வது என்னிடம்தான். "உங்கள் வழக்குக்கு இங்கே உதவி கிடைக்காது" என்று அவர்களிடம் சொல்லவேண்டியதும் பல நாள் நான்தான்.

இந்த மேசைக்கு நான் வந்து சேர்ந்ததற்குக் காரணம் என் அப்பா. கூட வேலை பார்த்த ஒருவருடைய கடனுக்கு அவர் ஜாமீன் கையெழுத்துப் போட்டார். கடன் வாங்கியவர் பாதியில் கட்டாமல் விட்டுவிட்டார். ஒருநாள் கோர்ட்டிலிருந்து நோட்டீஸ் வந்தது. பழுப்பு நிறக் கவர், உள்ளே நான்கு பக்கம், அப்பாவுக்குப் படிக்கத் தெரியாத மொழி. ஆஜராக வேண்டிய தேதி மூன்றாம் பக்கத்தின் நடுவில், மற்ற வரிகளைப் போலவே சின்ன எழுத்தில் இருந்தது. அதைப் பார்த்த எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: "சிவில் கேஸ்தானே, போலீஸ் வராது, பயப்படாதீங்க." அப்பா அந்தக் கவரை அலமாரியில் சட்டைகளுக்கு அடியில் வைத்துவிட்டார். அவர் போகாததால் ஒருதலைத் தீர்ப்பு ஆனது. ஏழு மாதம் கழித்து, அவர்கள் சொன்னபடியே, போலீஸ் வரவில்லை. கோர்ட் அமீனா வந்தார். கையில் ஜப்தி உத்தரவு இருந்தது. அன்று சாயங்காலம் நாங்கள் ஐந்து பேரும் வாசலில் பாத்திரங்களோடு நின்றோம்.

சட்ட உதவி மையத்தில் சேர்ந்து பல வருடம் கழித்து அந்த வழக்குக் கட்டின் நகலை வாங்கிப் பார்த்தேன். கடன் கொடுத்தவர்கள் தவணைக் காலத்தை அப்பாவைக் கேட்காமலேயே நீட்டித்திருந்தார்கள். ஜாமீன்தாரரின் சம்மதமில்லாமல் ஒப்பந்தத்தை இப்படி மாற்றினால் அவருடைய பொறுப்பு தீர்ந்துவிடும் என்பது பல நாட்டுச் சட்டங்களில் உள்ள விதி. எங்கள் சட்டத்திலும் உண்டு. ஒரு வக்கீல் அந்தக் கட்டை அரைமணி நேரம் புரட்டியிருந்தால் போதும், அப்பா ஜெயித்திருப்பார். அந்த அரைமணி நேரத்துக்கு எங்களிடம் காசு இல்லை. கேட்க ஓர் இடம் இருக்கிறது என்றுகூட எங்களுக்குத் தெரியாது.

திருடினார் என்று அப்பாவைக் கைது செய்திருந்தால் அவருக்கு அரசு ஒரு வக்கீல் வைத்துக் கொடுத்திருக்கும். வீட்டை இழக்கப் போகிறவருக்கு அது இல்லை. உங்களிடம் நான் கேட்க வந்தது இந்த வித்தியாசத்தைப் பற்றித்தான்.

இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று தேடினால் 1966இல் உங்கள் சபை ஏற்ற குடியியல், அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கைக்குப் போய்ச் சேரலாம். அதன் 14ஆம் பிரிவு, குற்ற வழக்கானாலும் சிவில் வழக்கானாலும் நியாயமான விசாரணை வேண்டும் என்கிறது. ஆனால் வசதியில்லாதவருக்கு இலவச வக்கீல் என்று வரும்போது குற்றம் சாட்டப்பட்டவரை மட்டும் பேசுகிறது. அன்று அது புரிந்துகொள்ளக்கூடியது. ஆனால் 2007இல் அந்த உடன்படிக்கையைக் கண்காணிக்கும் உங்கள் மனித உரிமைக் குழுவே தன் 32ஆம் பொதுக் கருத்துரையில் மற்ற வழக்குகளிலும் இலவச உதவி தர நாடுகளை ஊக்குவித்தது. சில வழக்குகளில் அது கடமையாகவே ஆகலாம் என்றும் எழுதியது. அதற்கு ஐந்து ஆண்டு கழித்துத்தான் 67/187 தீர்மானம் வந்தது. அப்போதாவது சிவிலைச் சேர்த்திருக்கலாம். சேர்க்கவில்லை.

நீதிமன்றங்கள் இதற்கு முன்பே விழித்துக்கொண்டன. அயர்லாந்தைச் சேர்ந்த ஜோஹன்னா ஏரி, குடித்துவிட்டு மிரட்டியும் அடித்தும் வந்த கணவரிடமிருந்து சட்டப்படி பிரிந்து வாழ விரும்பினார். வக்கீல் வைக்கப் பணமில்லை. அன்றைய அயர்லாந்தில் சிவில் வழக்குக்குச் சட்ட உதவியும் இல்லை. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில், அவரே நேரில் வந்து வாதாடலாமே, யார் தடுத்தார்கள் என்று அரசுத் தரப்பு கேட்டது. நீதிமன்றம் ஒரு கணக்கை எடுத்துப் பார்த்தது. 1972 ஜனவரி முதல் 1978 டிசம்பர் வரை அப்படிப்பட்ட பிரிவு வழக்குகள் 255. அந்த 255இலும் வழக்குப் போட்டவருக்கு வக்கீல் இருந்தார். வக்கீல் இல்லாமல் ஒருவர்கூட உள்ளே போகவில்லை. உரிமை ஏட்டில் இருந்தால் போதாது, கைக்கு எட்ட வேண்டும் என்று 1979இல் தீர்ப்பு வந்தது. அதன் பிறகுதான் அயர்லாந்தில் சிவில் சட்ட உதவித் திட்டம் நடைமுறைக்கு வந்தது.

எல்லா சிவில் வழக்குக்கும் இலவச வக்கீல் வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இரண்டு வியாபாரிகள் பங்குக்கு அடித்துக்கொண்டால் அவர்களே பார்த்துக்கொள்ளட்டும். கூரை, குழந்தை, கூலி, உடம்புக்குப் பாதுகாப்பு, சாப்பாட்டுக்கான உதவித்தொகை ஆகியவை கைவிட்டுப் போகும் வழக்குகளைத்தான் பேசுகிறேன்.

பணம் எங்கே என்று கேட்பீர்கள். ஒவ்வொரு வரவுசெலவுத் திட்டத்திலும் இந்தக் கேள்விதான் முதலில் வருகிறது, முதலில் வெட்டுப்படுவதும் சிவில் சட்ட உதவிதான். வெட்டினால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தும் வேல்ஸும் கண்முன் சாட்சி. 1949லேயே சட்டம் போட்டு உலகத்துக்கு வழிகாட்டிய இடம் அது. 2013 ஏப்ரலில் குடும்ப வழக்குகளில் பெரும்பகுதியையும், கடன், நலத்தொகை வழக்குகளில் பலவற்றையும் உதவி வரம்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். வக்கீல் கிடைக்காவிட்டால் தம்பதியர் சமரசப் பேச்சுக்குப் போவார்கள் என்பது கணக்கு. நடந்தது தலைகீழ். சமரசத்துக்குப் போகிறவர்களின் எண்ணிக்கை சரிந்துவிட்டது. ஏனென்றால் அதுவரை ஆட்களைச் சமரசத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தவர்களே அந்தச் சட்ட உதவி வக்கீல்கள்தான். அவர்கள் போனதும் வழிகாட்ட ஆள் இல்லை. குடும்ப நீதிமன்றங்களில் தாங்களே வாதாடுகிறவர்கள் பெருகினார்கள். வக்கீல் ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிப்பதை அவர்கள் அழுதுகொண்டே ஒரு மணி நேரம் சொல்வார்கள். நீதிபதியின் நேரமும் பொதுப்பணம்தானே.

இதை நான் எங்கள் மையத்தில் தினமும் பார்க்கிறேன். சிக்கல் ஒருபோதும் தனியாக வருவதில்லை. வேலை போகும், வாடகை பாக்கி விழும், கடன் வாங்குவார்கள், வீட்டில் சண்டை வரும், பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டு நிற்கும். முதல் கட்டத்தில், கூலி பாக்கிக்கு ஒரு நோட்டீஸ் எழுதிக் கொடுத்தால் முடிந்திருக்கும் விஷயம், ஐந்தாம் கட்டத்தில் நான்கு வழக்காக எங்களிடம் வருகிறது. அப்போது ஆகும் செலவை யாரும் சட்ட உதவிக் கணக்கில் எழுதுவதில்லை. அது மருத்துவமனைக் கணக்கிலும் காப்பகக் கணக்கிலும் போய் ஒளிந்துகொள்கிறது.

சரி, இதெல்லாம் ஒவ்வொரு நாடும் தன் வீட்டில் பார்த்துக்கொள்ள வேண்டியது, உலகச் சபைக்கு இதில் என்ன வேலை என்று நினைக்கலாம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். இரண்டு மனுக்கள் என் எண்ணத்தை மாற்றின.

ஒரு பெண் வந்தார். கணவர் வேறு நாட்டுக்கு வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டார். முதல் வருடம் பணம் வந்தது, அப்புறம் நின்றுவிட்டது. இரண்டு பிள்ளைகள். எங்கள் மையம் வக்கீல் வைத்துக் கொடுத்தது. மூன்று வருடம், எத்தனையோ வாய்தா. கடைசியில் பிள்ளைகளுக்கு ஜீவனாம்சம் தரச்சொல்லி உத்தரவு கிடைத்தது. அந்த உத்தரவை அவர் கண்ணாடித் தாள் உறையில் போட்டு, மடங்காமல் இருக்க ஒரு அட்டையோடு சேர்த்து வைத்திருந்தார். "இதைக் காட்டினா பணம் வருமில்ல?" என்று கேட்டார்.

வராது. கணவர் இருக்கும் நாட்டின் நீதிமன்றம் அந்த உத்தரவை ஏற்று நிறைவேற்ற வேண்டும். அதற்கு அங்கே ஒரு மனு, அங்கே ஒரு வக்கீல், சான்றளித்த மொழிபெயர்ப்பு, முத்திரை எல்லாம் வேண்டும். அந்த நாட்டின் சட்ட உதவி அலுவலகத்துக்கு நான் கடிதம் எழுதினேன். தங்கள் நாட்டில் வசிப்பவர்களுக்கு மட்டுமே உதவி என்று மரியாதையாகப் பதில் எழுதினார்கள். எங்கள் மேலிடத்தைக் கேட்டேன். நம் நீதிமன்றங்களில் நடக்கும் வழக்குக்கு மட்டுமே நிதி என்றார்கள். இரண்டு பதிலும் விதிப்படி சரி. இரண்டு விதிக்கும் நடுவில் இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். அந்த அம்மா இப்போதும் வருடத்துக்கு ஒருமுறை வந்து "ஏதாவது மாறிச்சா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார். அந்த உறை பழுத்துவிட்டது.

இன்னொருவர் வெளிநாட்டில் கட்டட வேலை பார்த்தவர். பதினோரு மாதச் சம்பளம் பாக்கி. அங்கே தொழிலாளர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். வழக்கு நடக்கும்போதே விசா முடிந்தது, ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. ஆள் இல்லாததால் வழக்கைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள். அவரிடம் எல்லா ஆதாரமும் இருந்தது, வேலை நேரம் குறித்த சின்ன நோட்டுப் புத்தகம் உட்பட. ஒவ்வொரு நாளும் எத்தனை மணி நேரம் என்று பென்சிலால் எழுதி வைத்திருந்தார். அங்கே அவருக்காக நிற்க ஒரு வக்கீல் இருந்திருந்தால் அந்த நோட்டுப் புத்தகம் பேசியிருக்கும்.

இந்த இரண்டு பேருக்கும் எந்தத் தனி நாடும் தனியாக வழி செய்துவிட முடியாது. இரண்டு நாட்டு அலுவலகங்கள் கைகோத்தால்தான் நடக்கும். கைகோப்பதற்கான வழியைப் புதிதாகக் கண்டுபிடிக்கவும் வேண்டாம். 1956லேயே வெளிநாட்டிலிருந்து ஜீவனாம்சம் வசூலிப்பதற்கு ஐக்கிய நாடுகளின் பெயரிலேயே நியூயார்க்கில் ஓர் உடன்படிக்கை எழுதினீர்கள். 1980இல், நாடுகளுக்கிடையிலான சிவில் வழக்குகளுக்குப் பொது விதிகளை வகுக்கும் ஹேக் மாநாடு என்ற அமைப்பு சர்வதேச நீதி அணுகலுக்கான உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. அதில் சேர்ந்த நாட்டின் குடிமகனோ அங்கே வசிப்பவரோ, சேர்ந்த மற்ற நாட்டில் சிவில் வழக்கு நடத்த அந்த நாட்டுக்காரரைப் போலவே சட்ட உதவி பெறலாம். வெளிநாட்டவர் என்பதற்காக மட்டும் வழக்குச் செலவுக்கு முன்பணம் கட்டச் சொல்லவும் கூடாது. 2007இல் வந்த ஹேக் ஜீவனாம்ச உடன்படிக்கை இன்னும் ஒரு படி மேலே போனது. பெற்றோரிடமிருந்து 21 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு வரவேண்டிய ஜீவனாம்சம் என்றால், மனுவைப் பெறும் நாடு பொதுவாக இலவசமாகவே சட்ட உதவி தரவேண்டும் என்கிறது. என் மேசைக்கு வந்த அந்தப் பெண்ணுக்காகவே எழுதியது போன்ற வரி அது. ஆனால் அவர் நாடும் அவர் கணவர் இருக்கும் நாடும் இரண்டுமே சேர்ந்திருந்தால்தான் அந்த வரிக்கு உயிர். ஐக்கிய நாடுகளில் 193 நாடுகள் இருக்கின்றன. 1980 உடன்படிக்கையில் சேர்ந்தவை அதில் கால்வாசிகூட இல்லை. நாற்பது ஆண்டு தாண்டியும் இதுதான் நிலைமை.

ஐரோப்பிய ஒன்றியம் 2003இல் தன் உறுப்பு நாடுகளுக்குள் இதைச் செய்து காட்டியது. எல்லை தாண்டிய சிவில் வழக்கு என்றால் நீங்கள் வசிக்கும் ஊரிலேயே மனு கொடுக்கலாம். மனு முழுமையாகக் கிடைத்த 15 நாளுக்குள் உங்கள் நாட்டு அலுவலகம் அதை அடுத்த நாட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். மொழிபெயர்ப்புச் செலவும், நேரில் வரவேண்டும் என்று நீதிமன்றம் சொன்னால் பயணச் செலவும் உதவிக்குள் அடங்கும். படிவம் எல்லா நாட்டுக்கும் ஒரே மாதிரி. படிவம் நிரப்பியே காலம் தள்ளுகிறவர் என்ற முறையில் சொல்கிறேன்: ஒரே மாதிரிப் படிவம் என்பது சின்ன விஷயமே இல்லை. எங்கள் மனுக்களில் பாதி திரும்பி வருவது வழக்கில் பலம் இல்லாததால் இல்லை. அந்த நாடு கேட்கும் வருமானச் சான்று எங்கள் நாட்டில் அந்தப் பெயரில் கிடையாது, அதனால்தான்.

2021 மார்ச்சில், ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வேறான, மனித உரிமைகளுக்கான அமைப்பாகிய ஐரோப்பிய மன்றம் சிவில், நிர்வாக வழக்குகளுக்கான சட்ட உதவித் திட்டங்கள் எப்படி இருக்க வேண்டும் என்று தனியாக வழிகாட்டு நெறிகளே வெளியிட்டது. ஆக, எழுத முடியாத விஷயம் என்று யாரும் சொல்ல முடியாது. ஒரு கண்டம் எழுதிவிட்டது.

ஒத்துழைப்பு என்றதும் பணக்கார நாடு ஏழை நாட்டுக்குச் சொல்லிக்கொடுப்பது என்று நினைத்துவிட வேண்டாம். அந்த மாதிரி ஒத்துழைப்பையும் நான் பார்த்திருக்கிறேன். எங்கள் மையத்துக்கு ஒரு வெளிநாட்டு நிதித் திட்டம் வந்தது. தொடுதிரைப் பெட்டி ஒன்றை வாசலில் வைத்தார்கள், அதில் தொட்டால் சட்டத் தகவல் வரும் என்று. மூன்று வருடத்தில் திட்டம் முடிந்தது, மென்பொருளைப் புதுப்பிக்க ஆள் இல்லை. இப்போது அந்தப் பெட்டியின் மேல் மனுக்கட்டுகளை அடுக்கியிருக்கிறோம். அந்தப் பணத்தில் வக்கீல் அல்லாத இரண்டு சட்டப் பணியாளர்களுக்குப் பத்து வருடம் சம்பளம் கொடுத்திருக்கலாம். வாங்குவதற்கு முன் எங்களில் ஒருவரையாவது கேட்டிருக்கலாம்.

கற்றுக்கொள்ள வேண்டியவை எல்லாத் திசையிலும் இருக்கின்றன. சியரா லியோன் உள்நாட்டுப் போரிலிருந்து எழுந்த நாடு, வக்கீல்களில் பெரும்பாலோர் தலைநகரில். அங்கே 2012இல் போட்ட சட்ட உதவிச் சட்டம், வக்கீல் அல்லாத சட்டப் பணியாளர்களை முறையாக அங்கீகரித்து பாரம்பரியத் தலைவரின் கீழ் உள்ள ஒவ்வொரு பகுதியிலும் ஒருவர் இருக்க வழி செய்தது. நிலத் தகராறையும் கைவிடப்பட்ட மனைவியின் மனுவையும் முதலில் கேட்பவர்கள் அவர்கள்தான். பிரேசில் 1988 அரசமைப்புச் சட்டத்திலேயே, வசதியில்லாதவருக்காக வாதாடும் பொது வழக்காடுநர் அமைப்பை வைத்தது. அது சிவில் வழக்கையும் நடத்துகிறது. நியூயார்க் நகரம் 2017இல் வெளியேற்ற வழக்கில் ஏழைக் குடித்தனக்காரருக்கு வக்கீல் உண்டு என்று சட்டம் போட்டது. வக்கீல் கிடைத்தவர்களில் பெரும்பாலோர் வீட்டிலேயே தங்க முடிந்தது. நெதர்லாந்து விவாகரத்துக்கு இணையவழியிலேயே உதவி செய்யும் ரெக்ட்வைசர் என்ற தளத்தைக் கட்டியது. உலகமே அதைப் பாராட்டியது, ஆனால் செலவுக்குக் கட்டுபடியாகாமல் 2017இல் நின்றுபோனது. எனக்கு இந்தக் கடைசிக் கதைதான் அதிகம் பயன்பட்டது. எங்கள் மேலிடம் அதே மாதிரி ஒன்றைத் தொடங்க நினைத்தபோது, அது எங்கே தடுக்கியது என்று எடுத்துக்காட்ட முடிந்தது. அதையும் நானாகத் தேடிப் படித்ததால்தான். தோல்விகளை எழுதி வைத்து எல்லா நாட்டு மையங்களுக்கும் அனுப்பும் ஏற்பாடு ஒன்று எங்கள் மேசை வரைக்கும் வந்ததே இல்லை.

கணக்கு பற்றி ஒரு வார்த்தை. 2019இல் உலக நீதித் திட்டம் என்ற அமைப்பு, தீர்க்க முடியாத சட்டச் சிக்கலோடு வாழ்பவர்கள் உலகில் 150 கோடிப் பேர் என்று மதிப்பிட்டது. அடையாளச் சான்றோ நிலப் பட்டாவோ இல்லாதவர்கள் உட்பட எல்லா விதத்திலும் நீதி எட்டாதவர்களைச் சேர்த்தால் 510 கோடி. 2015இல் நீங்கள் ஏற்ற நிலைத்த வளர்ச்சி இலக்குகளில் 16.3 எல்லோருக்கும் சமமான நீதி அணுகல் என்கிறது. ஆனால் அதை அளக்க முதலில் வைத்த இரண்டு அளவுகோல்களும் குற்றவியல் பக்கம்தான்: வன்முறைக்கு ஆளானவர்கள் புகார் கொடுத்தார்களா, சிறையில் இருப்பவர்களில் இன்னும் தண்டனை விதிக்கப்படாதவர்கள் எத்தனை பேர். சிவில் தகராறில் சிக்கியவருக்கு ஏதாவது வழி கிடைத்ததா என்று கேட்கும் 16.3.3 அளவுகோல் 2020இல்தான் சேர்ந்தது. சேர்த்ததற்கு நன்றி. அதன்படி கணக்கெடுக்காத நாடுகள் இன்னும் நிறைய இருக்கின்றன. எண்ணப்படாதவருக்கு நிதி ஒதுக்க எந்த அமைச்சராலும் முடியாது.

இனி நான் கேட்பவை.

சிவில் சட்ட உதவிக்கான கோட்பாடுகளையும் வழிகாட்டு நெறிகளையும் வகுக்கும் பணியைப் பொதுச்சபை அடுத்த கூட்டத்தொடரிலேயே தொடங்க வேண்டும். 67/187க்கு என்ன மரியாதையோ அதே மரியாதை இதற்கும் வேண்டும். வீட்டிலிருந்து வெளியேற்றம், பிள்ளைகளின் பராமரிப்பும் ஜீவனாம்சமும், குடும்ப வன்முறையிலிருந்து பாதுகாப்பு, கூலி, நலத்தொகை, வீட்டையோ வருமானத்தையோ பறிக்கும் கடன் வழக்கு: குறைந்தது இந்த ஆறிலும் வசதியில்லாதவருக்கு உதவி என்பது அதில் தெளிவாக இருக்க வேண்டும். உதவி என்பது கோர்ட்டில் நிற்கும் வக்கீல் மட்டும் என்று சுருக்கிவிடக் கூடாது. நோட்டீஸ் கையில் கிடைத்த அன்றே படித்துச் சொல்ல ஓர் ஆள் என்பதிலிருந்து அது தொடங்க வேண்டும். எந்த நீதிமன்றம் அனுப்பும் சம்மனாக இருந்தாலும், ஆஜராகும் தேதியும் இலவச உதவி கிடைக்கும் இடமும் முதல் பக்கத்தில், பெரிய எழுத்தில், பெறுகிறவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்பதையும் சேருங்கள். இதற்குப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது.

1980, 2007 ஹேக் உடன்படிக்கைகளில் இன்னும் சேராத நாடுகள் சேர வேண்டும். சேர நாளாகும் என்றால், அதுவரை காத்திருக்காமல் இரு நாட்டுச் சட்ட உதவி அமைப்புகள் நேரடியாக ஓர் ஏற்பாடு செய்துகொள்ளட்டும். ஒரே படிவம், மனுவை அனுப்பக் கெடு, மொழிபெயர்ப்புச் செலவை யார் ஏற்பது என்ற முடிவு, ஒவ்வொரு பக்கத்திலும் பெயர் தெரிந்த ஒரு தொடர்பு அதிகாரி. ஆட்கள் அதிகம் போய்வரும் இரு நாடுகளுக்கு இடையே முதலில் இதைத் தொடங்கலாம். நாடு திரும்பிய தொழிலாளியின் கூலி வழக்கு, அவர் அங்கே இல்லை என்ற ஒரே காரணத்துக்காகத் தள்ளுபடி ஆகக்கூடாது. காணொளியில் சாட்சி சொல்லவும், அங்கே அவருக்காகச் சட்ட உதவி வக்கீல் ஆஜராகவும் வழி செய்யுங்கள்.

வக்கீல் அல்லாத சட்டப் பணியாளர்களுக்குச் சட்ட அங்கீகாரமும் பயிற்சியும் நிலையான சம்பளமும் வேண்டும். நீதித்துறைக்கு உதவி செய்யும் நாடுகள் தங்கள் உதவியில் ஒரு பங்கை சிவில் சட்ட உதவிக்கென்று தனியாக ஒதுக்கட்டும். மூன்று வருடத் திட்டமாகத் தராமல் பத்து வருடத்துக்குத் தரட்டும். அது கருவிக்குப் போவதற்கு முன் ஆளுக்குப் போகட்டும்.

எல்லா நாடுகளும் 16.3.3 கணக்கை எடுத்து வெளியிட வேண்டும். அதோடு, சட்ட உதவி கேட்டு வந்து மறுக்கப்பட்டவர்கள் எத்தனை பேர், என்ன காரணத்துக்கு என்றும் வெளியிட வேண்டும். என் மேசையில் அந்தப் பதிவேடு இருக்கிறது, 16 வருடமாக யாரும் கேட்டதில்லை.

இந்த நெறிகளை எழுதும் குழுவில், சட்ட உதவி கேட்டு அலைந்த அனுபவம் உள்ளவர்களுக்கு நாற்காலி கொடுங்கள். பார்வையாளர் வரிசையில் வேண்டாம், எழுதுகிற மேசையில் கொடுங்கள்.

பதில் எழுதுவதானால், எந்தக் கூட்டத்தில் எந்தத் தேதியில் இது விவாதத்துக்கு வருகிறது என்று எழுதுங்கள். அந்த அம்மா அடுத்த முறை வந்து கேட்கும்போது அவரிடம் சொல்ல எனக்கு ஒரு தேதி வேண்டும்.

இப்படிக்கு,
சட்ட உதவி மையம் ஒன்றில் மனு எழுதும் ஊழியர்